நூலகத்தைப் பிரிந்த புலமையாளர்: எரிக் அவர்பாக்கின் வாழ்வும் பணியும்

1941 டிசம்பரில் ருமேனியாவிலிருந்து ஒரு பழைய கப்பல் இஸ்தான்புல் துறைமுகத்தை வந்தடைந்தது. அதன் பெயர் ஸ்ட்ரூமா. எழுநூறுக்கும் மேற்பட்ட யூத அகதிகள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். இயந்திரம் பழுதாகிவிட்டது. அவர்கள் தரையிறங்குவதற்குத் துருக்கி அனுமதி வழங்கவில்லை. அவர்கள் போக விரும்பிய பலஸ்தீனத்தை அப்போது ஆண்ட பிரித்தானியாவும் அனுமதி வழங்க மறுத்தது. இரண்டு மாதங்களுக்கு மேலாகக் கப்பல் துறைமுகத்திலேயே நின்றது. 1942 பெப்ரவரி 23 ஆம் திகதி அது கருங்கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, இயங்க முடியாத நிலையில் கைவிடப்பட்டது. மறுநாள் காலை சோவியத் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தாக்குதலில் அது மூழ்கியது. ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார்.

அதே நகரில், அதே இனத்தைச் சேர்ந்த இன்னோர் அகதி அப்போது பல்கலைக்கழகப் பேராசிரியராக வாழ்ந்துகொண்டிருந்தார். கப்பல் மூழ்கிச் சில மாதங்களுக்குள், 1942 மே மாதத்தில், அவர் ஒரு நூலை எழுதத் தொடங்கினார். 1945 ஏப்ரலில் அதை முடித்தார். அந்த நூலில் ஸ்ட்ரூமாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹோமரில் தொடங்கி, இலத்தீன் வரலாற்றாசிரியர்கள், மத்திய கால ஆயர்கள், கவிஞர்கள் ஊடாக இருபதாம் நூற்றாண்டு நாவல்கள் வரை செல்லும் இலக்கிய ஆய்வு அது. ஆனாலும் அந்த நூல் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சாதாரண மனிதரின் வாழ்வையும் துயரத்தையும் இலக்கியமும் வரலாறும் எப்போது, எந்த மொழியில், கனதியாக எடுத்துக்கொண்டன என்பதே அது.

அந்த நூலின் பெயர் 'மிமேசிஸ்'. எழுதியவர் எரிக் அவர்பாக். இலத்தீன் மொழி, மத்திய கால இலக்கியம் ஆகிய துறைகளில் கடந்த நூற்றாண்டின் முதன்மையான புலமையாளர்களில் ஒருவர்.

சட்டத்திலிருந்து இலக்கியத்துக்கு

அவர்பாக் 1892 நவம்பர் 9 ஆம் திகதி பேர்லின் நகரில் வசதியான யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். முதலில் படித்தது சட்டம். 1913 இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறையில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு முதலாம் உலக யுத்தம் மூண்டது. ஜேர்மன் இராணுவத்தில் சேர்ந்து போரிட்டு, காயமடைந்து, இரும்புச் சிலுவைப் பதக்கமும் பெற்றார்.

போர்முனையிலிருந்து திரும்பிய பின் அவர் சட்டத்தைத் தொழிலாகக் கொள்ளவில்லை. இலத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் முதலிய மொழிகளையும் அவற்றின் இலக்கியங்களையும் ஆராயும் துறைக்குச் சென்றார். இத்தாலியிலும் பிரான்ஸிலும் தோன்றிய தொடக்ககாலக் கதைகளைப் பற்றி ஆய்வு செய்து, 1921 இல் இரண்டாவது கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார்.

1923 முதல் 1929 வரை அவர் பேர்லினிலிருந்த பிரஷ்ய அரச நூலகத்தில் நூலகராகப் பணியாற்றினார். பின்னாளில் நூலகமின்றி எழுதியவர் என்று பேர் பெற்ற ஒருவர், தன் இளமையின் ஆறு ஆண்டுகளை ஐரோப்பாவின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்றில் கழித்தவர் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் அவர் இத்தாலியச் சிந்தனையாளர் விக்கோவின் 'புதிய விஞ்ஞானம்' நூலை ஜேர்மன் மொழிக்குச் சுருக்கி மொழிபெயர்த்தார். மனிதர் தாமே உருவாக்கியது வரலாறு, ஆகவே மனிதரால் அதை விளங்கிக்கொள்ள முடியும் என்ற விக்கோவின் கருத்து அவரை வாழ்நாள் முழுவதும் வழிநடத்தியது.

1929 இல் தாந்தே பற்றிய அவரது நூல் வெளிவந்தது. நரகம், உத்தரிக்கும் தலம், சுவர்க்கம் ஆகியவற்றைப் பாடிய தாந்தேயை அவர் இம்மண்ணுலகின் கவிஞர் என்று அழைத்தார். மறுவுலகில் தாந்தே சந்திக்கும் ஒவ்வோர் ஆன்மாவும் தன் பூவுலக வாழ்வின் குணத்தையும் கோபத்தையும் பாசத்தையும் முழுமையாகச் சுமந்து நிற்கிறது என்பது அவரது வாதம். அந்த நூலைத் தொடர்ந்து மார்பேர்க் பல்கலைக்கழகத்தில், லியோ ஸ்பிட்ஸர் வகித்திருந்த பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது.

பதவி பறிக்கப்பட்டது

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த ஏப்ரலில் யூதர்களை அரச உத்தியோகங்களிலிருந்து நீக்கும் சட்டம் கொண்டுவரப்பட்டது. முதலாம் உலக யுத்தத்தில் போர்முனையில் நின்றவர்களுக்கு அதில் விதிவிலக்கு இருந்தது. அதனால் அவர்பாக் மேலும் இரண்டு ஆண்டுகள் பதவியில் இருக்க முடிந்தது. 1935 செப்டெம்பரில் வந்த நியூரம்பேர்க் சட்டங்கள் அந்தக் கடைசிப் பாதுகாப்பையும் பறித்தன. நாட்டுக்காகக் காயப்பட்டவர் அந்த நாட்டின் குடிமகன் என்ற தகுதியையே இழந்தார்.

மார்பேர்க்கில் அவரது பணிகளை ஏற்றுக்கொண்டவர் அவருடைய இளைய சகாவான வேர்னர் கிராவுஸ். யூதரல்லாத கிராவுஸ் நாட்டிலேயே தங்கி, பின்னர் நாஸி எதிர்ப்பு இயக்கத்தில் இணைந்தார். 1943 இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டதால் உயிர் தப்பினார். அவர்பாக்கின் பேர்லின் நண்பரான வோல்ட்டர் பென்யமின் அவ்வளவு அதிர்ஷ்டசாலியாக இருக்கவில்லை. பிரான்ஸிலிருந்து தப்பிச் செல்ல முயன்ற அவர், 1940 செப்டெம்பரில் ஸ்பெயின் எல்லையிலுள்ள போர்ட்போவில் தடுக்கப்பட்டு, அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவர்பாக்குக்குத் திறந்த கதவு துருக்கி. அத்தாதுர்க்கின் அரசு 1933 இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தை மறுசீரமைத்தபோது, ஜேர்மனியில் பதவி இழந்த பல பேராசிரியர்களை அழைத்துக்கொண்டது. மார்பேர்க்கில் அவருக்கு முன்னவராக இருந்த ஸ்பிட்ஸரே இங்கும் முன்னவர். ஸ்பிட்ஸர் அமெரிக்கா சென்றதால் வெற்றிடமான பதவிக்கு 1936 இல் அவர்பாக் வந்தார். மனைவி மரீயும் மகன் கிளெமென்ஸும் உடன் வந்தார்கள். பதினொரு ஆண்டுகள் அந்த நகரமே அவர்களின் வீடாயிற்று.

பொஸ்பொரஸ் கரையில்

அவர் விட்டு வந்த நாடு தன் கடந்த காலத்தைத் திரித்துக்கொண்டிருந்தது. வந்து சேர்ந்த நாடு தன் கடந்த காலத்தை உதறிக்கொண்டிருந்தது. 1928 இல் துருக்கி அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தை ஏற்றிருந்தது. அரபு, பாரசீகச் சொற்களும் களையப்பட்டு வந்தன. பென்யமினுக்கு 1937 இன் தொடக்கத்தில் எழுதிய கடிதத்தில் அவர்பாக் இதைக் கவலையோடு குறிப்பிட்டார். சில ஆண்டுகளுக்கு முந்திய எழுத்துக்களைக்கூட இளந்தலைமுறையினர் வாசிக்க இயலாதவர்களாகி வருகிறார்கள் என்பதை அவர் கண்டார். எழுத்தும் பழைய நூல்களும் ஒரு சமூகத்திடமிருந்து எவ்வளவு விரைவாகப் பிரிக்கப்படலாம் என்பதை இரண்டு நாடுகளில், இரண்டு விதமாக, அவர் நேரில் பார்த்தார்.

துருக்கிய மாணவர்களுக்காக அவர் இலத்தீன் வழிவந்த மொழிகளின் ஆய்வுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். அது 1944 இல் துருக்கிய மொழியில் வெளியானது.

ஆனால் அவரது ஆய்வுக்குத் தேவையான சஞ்சிகைகளும் புதிய பதிப்புகளும் அங்கே போதுமானதாக இருக்கவில்லை. ஒரு கதவு மட்டும் எதிர்பாராமல் திறந்தது. நகரின் கலாத்தா பகுதியிலிருந்த டொமினிக்கன் துறவிகளின் மடத்தில், பிரெஞ்சுக் குருவான மீஞ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிப்பித்த இலத்தீன் திருச்சபைத் தந்தையர் தொகுப்பு முழுமையாக இருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகள் கொண்டது அது. அந்த நூலகத்தைப் பாவிக்க அவருக்கு அனுமதி பெற்றுக்கொடுத்தவர் அப்போது இஸ்தான்புலில் வத்திக்கானின் பிரதிநிதியாக இருந்த பேராயர் அஞ்சலோ ரொன்காலி. பின்னாளில் பாப்பரசர் 23ஆம் யோவான் ஆனவர் இவரே. ஒரு கத்தோலிக்க மடத்தின் அலுமாரிகளுக்கிடையே ஒரு யூத அகதி தன் புலமையைத் தொடர்ந்தார்.

ஒரு சொல்லின் வரலாறு

அந்த அலுமாரிகளிலிருந்து பிறந்தது 1938 இல் வெளியான 'ஃபிகுரா' என்ற நீண்ட கட்டுரை. அது ஒரேயொரு இலத்தீன் சொல்லின் வரலாறு. உருவம், வடிவம் என்பதே அந்தச் சொல்லின் பழைய பொருள். களிமண்ணை வனைவதைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. தெர்த்துல்லியன், அகுஸ்தீன் முதலான திருச்சபைத் தந்தையரின் கையில் அதற்குப் புதிய பொருள் வந்தது. முன்பு நடந்த ஒரு நிகழ்வு பின்பு நடக்கவிருக்கும் ஒன்றின் முன்னடையாளம் ஆகிறது. பழைய ஏற்பாட்டின் மோசே, புதிய ஏற்பாட்டின் கிறிஸ்துவுக்கு முன்னடையாளம்.

இங்கே அவர்பாக் அழுத்திச் சொன்னது ஒன்று. முன்னடையாளம் என்பதால் முன்னவர் வெறும் குறியீடாகிவிடுவதில்லை. மோசேயும் உண்மையில் வாழ்ந்தவர், அவரது காலமும் உண்மையான வரலாறு என்றே அந்தப் பார்வை கொண்டது. ஜேர்மனியில் நாஸிச் சார்புக் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாட்டை யூதநூல் என்று ஒதுக்கித்தள்ள முனைந்த காலம் அது. இந்தக் கட்டுரையை அந்த முயற்சிக்கான மறுமொழியாகவும் படிக்கலாம் என்று பின்வந்த ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கட்டுரையில் அரசியல் சொல் எதுவும் இல்லை. ஒரு சொல் எங்கெங்கே, என்ன பொருளில் வந்தது என்ற பொறுமையான கணக்கு மட்டுமே உண்டு.

படைவீரனும் மீனவரும்

'மிமேசிஸ்' நூலின் முறை எளியது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு பழைய நூலிலிருந்து ஒரு பகுதியை மூலமொழியில் தரும். பிறகு அந்தச் சில வரிகளின் வாக்கிய அமைப்பையும் சொற்தெரிவையும் கவனித்து, அதை எழுதியவரின் உலகம் எப்படிப்பட்டது, அவர் யாரைக் கண்டார், யாரைக் காணத் தவறினார் என்று அவர்பாக் விளக்குவார்.

பண்டைய ரோமானியரின் இலக்கணப்படி மொழிநடை மூன்று வகைப்படும்: தாழ்ந்தது, இடைப்பட்டது, உயர்ந்தது. அரசர், வீரர், பெருந்துயரம் ஆகியவற்றுக்கு உயர்ந்த நடை. அடிமை, கடைக்காரர், மீனவர் போன்றோருக்குத் தாழ்ந்த நடை. பெரும்பாலும் அது சிரிப்புக்கு உரியது. ஏழையின் துயரத்தைக் கனதியாகச் சொல்ல அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

இதற்கு அவர்பாக் காட்டும் உதாரணம் வரலாற்றாசிரியர் தாசித்துஸ். அகுஸ்துஸ் பேரரசர் இறந்தபோது எல்லைப்புறப் படைகள் கலகம் செய்தன. பெர்கென்னியுஸ் என்ற சாதாரண படைவீரன் எழுந்து பேசுகிறான். அற்பச் சம்பளம், முடிவே இல்லாத சேவைக்காலம், காயங்களோடு கிழடாகும் மனிதர்கள், ஓய்வின்போது கிடைக்கும் சதுப்பு நிலம். முறைப்பாடுகள் அனைத்தும் தாசித்துஸின் நூலில் உண்டு. ஆனால் அவை பிரபுக்களின் சொற்பொழிவு நடையில் சொல்லப்படுகின்றன. அந்த முறைப்பாடு நியாயமா, படைவீரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தாசித்துஸ் கேட்பதில்லை. அவருக்கு அது ஒழுங்கீனம் மட்டுமே.

இதன் பக்கத்தில் மாற்கு நற்செய்தியில் பேதுரு மறுதலிக்கும் காட்சியை அவர்பாக் வைக்கிறார். இரவு, முற்றத்தில் மூட்டிய நெருப்பு, ஒரு பணிப்பெண், பேச்சு வழக்கைக்கொண்டே அடையாளம் காணப்பட்டு அச்சத்தால் பொய் சொல்லும் ஒரு மீனவர், பின் அழுகை. எழுதியவருக்கு அலங்கார நடை தெரியாது. ஆனாலும் ஒரு சாதாரண மனிதரின் உள்ளத்தில் நடந்த போராட்டம் உலகின் மிகப் பெரிய நிகழ்வாக அங்கே நிற்கிறது. ரோமானிய இலக்கணம் அனுமதிக்காத ஒன்று இது.

நட்டஈடும் ஒரு கேலியும்

மத்திய கால இலத்தீனுக்கு அவர்பாக் தெரிந்துகொண்ட உதாரணங்களுள் ஒன்று ஆறாம் நூற்றாண்டின் தூர் நகர ஆயர் கிரகோரியின் வரலாற்று நூல். ரோமப் பேரரசு சிதைந்துவிட்ட காலம். கிரகோரியின் இலத்தீனும் சிதைந்தது. வேற்றுமைகள் குழம்பும், காரண காரியத் தொடர்பு அறுந்து போகும். அதற்காகவே அறிஞர்கள் அவரை நீண்ட காலம் இகழ்ந்தார்கள்.

அவர்பாக் எடுத்துக்கொண்டது சிக்காரியுஸ், கிராம்னெசிந்துஸ் என்ற இருவரின் பகைக் கதை. கிறிஸ்மஸ் நாளில் தொடங்கிய ஒரு தகராறு கொலைகளில் முடிகிறது. சிக்காரியுஸ், கிராம்னெசிந்துஸின் உறவினர்களைக் கொல்கிறான். ஆயர் கிரகோரியே தலையிட்டு, திருச்சபையின் பணத்தைத் தந்தாவது இரத்தம் சிந்துவதை நிறுத்தப் பார்க்கிறார். ஈற்றில் நட்டஈடு வழங்கப்பட்டு, சமாதானம் செய்து வைக்கப்படுகிறது. இருவரும் நண்பர்களாகி ஒன்றாக உண்டு குடிக்கும் அளவுக்கு வருகிறார்கள்.

ஓர் இரவு விருந்தில், வெறியேறிய சிக்காரியுஸ் கேலியாகச் சொல்கிறான்: உன் உறவினரை நான் கொன்றதற்கு நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும், அதற்குக் கிடைத்த நட்டஈட்டினால்தானே உன் வீட்டில் இப்போது பொன்னும் வெள்ளியும் நிறைந்திருக்கின்றன. மற்றவனின் மனதில் எல்லாம் திரும்பி வருகிறது. அவன் விளக்கை அணைத்துவிட்டு சிக்காரியுஸைக் கொல்கிறான்.

பகையின் தொடக்கத்தைச் சொல்லும்போது கிரகோரியின் இலக்கணம் தடுமாறுகிறது என்பதை அவர்பாக் மறைக்கவில்லை. ஆனால் விருந்து மேசைக் காட்சிக்கு வரும்போது அதே உடைந்த இலத்தீன் உயிர் பெறுகிறது. குடிகாரனின் பேச்சு, கேட்டவனின் உள்ளத்தில் எழுந்த கசப்பு, அணைக்கப்பட்ட விளக்கு, எல்லாம் கண்முன் நிற்கின்றன. தன் நகரத்து மக்களிடையே நடமாடி, அவர்களின் வழக்குகளைக் கேட்டு, காயங்களைக் கண்ட ஒருவரால்தான் இப்படி எழுத முடிந்தது. அழகிய இலத்தீனில் எழுதிய முன்னோர் பார்க்காததை இவர் பார்த்தார்.

பணத்தால் மூடப்பட்ட கொலைகள் ஏன் மறக்கப்படவில்லை என்பதைக் கிரகோரி ஆராய்ந்து விளக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அது விளங்குகிறது.

மகன் எங்கே என்று கேட்ட தந்தை

நூலின் நடுப்பகுதியில் தாந்தே வருகிறார். தாந்தே இலத்தீனில் புலமை மிக்கவர். ஆனாலும் தன் பெருங்காவியத்தை மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் பாடினார். தன் நகரமான புளோரன்ஸிலிருந்து 1302 இல் நாடுகடத்தப்பட்டு, திரும்பிப் போகாமலே இறந்தவர் அவர்.

நரகத்தின் பத்தாம் காண்டத்தில், நெருப்பு எரியும் கல்லறைகளிடையே தாந்தே நடந்து செல்கிறார். ஃபரினாத்தா என்ற அரசியல் தலைவர் கல்லறையிலிருந்து எழுந்து பழைய கட்சிச் சண்டைகளைப் பேசுகிறார். அந்தப் பேச்சின் நடுவே இன்னொரு தலை மேலெழுகிறது. அது தாந்தேயின் நண்பரான கவிஞர் குயிதோவின் தந்தை கவல்கன்தே. அவர் தாந்தேயின் அருகே வேறு யாரும் வருகிறார்களா என்று தேடுகிறார். யாரும் இல்லை. அழுதபடி தன் மகன் எங்கே, ஏன் உன்னோடு வரவில்லை என்று கேட்கிறார்.

தாந்தே பதில் சொல்லும்போது மகனைப் பற்றி இறந்த காலத்தில் ஒரு வினையைப் பாவித்துவிடுகிறார். தந்தையின் காதில் அந்த ஒரு விகுதி மட்டுமே விழுகிறது. அப்படியானால் என் மகன் உயிரோடு இல்லையா? தாந்தே ஒரு கணம் தயங்குகிறார். தந்தை பதிலுக்குக் காத்திருக்காமல் மல்லாந்து கல்லறைக்குள் விழுந்துவிடுகிறார். மகன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள் என்று பின்னர் தாந்தே ஃபரினாத்தாவிடம் கேட்டுக்கொள்கிறார்.

இந்த இரண்டு பேரின் பெயரையே அவர்பாக் அத்தியாயத்தின் தலைப்பாக வைத்தார். ஒரு வினைச்சொல்லின் காலம் ஒரு தகப்பனை வீழ்த்துவதைக் காட்டும் அளவுக்கு மக்களின் மொழி இங்கே வளர்ந்துவிட்டது என்பது அவரது வாசிப்பு. பிள்ளையைப் பற்றிச் செய்தியில்லாமல் காத்திருந்த எந்தத் தாய் தகப்பனுக்கும் இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நூல் பிறந்த விதம்

'மிமேசிஸ்' 1946 இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் வெளியானது. அதன் பின்னுரையில் அவர்பாக் தன் நிலையை ஒளிக்காமல் சொன்னார். இஸ்தான்புலில் இந்த ஆய்வுக்கான நல்ல நூலகம் இல்லை. சஞ்சிகைகளும் புதிய ஆய்வுகளும் கிடைக்கவில்லை. ஆகவே அடிக்குறிப்புகள் இல்லை, பிழைகளும் இருக்கலாம். அதேவேளை, ஒவ்வொரு விடயத்திலும் எழுதப்பட்ட அத்தனையையும் படிக்க வாய்ப்பு இருந்திருந்தால், தான் இந்த நூலை எழுதும் கட்டத்துக்கே வந்திருக்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார்.

இந்த வாக்குமூலத்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளக் கூடாது. இஸ்தான்புல் நூல்களே இல்லாத பாலைவனம் அல்ல என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளார்கள். மடத்தின் நூலகம் இருந்தது, சக அகதிப் பேராசிரியர்களின் துணை இருந்தது, மூல நூல்கள் இருந்தன. நூலகத்தை இழப்பது நல்லது என்ற பாடத்தையும் இதிலிருந்து எடுக்க முடியாது. பேர்லினில் ஆறு ஆண்டுகள் நூல்களோடு வாழ்ந்து, பின் பல ஆண்டுகள் கற்பித்து, மனதில் ஏற்றி வைத்தவற்றைக்கொண்டே அவர் எழுதினார். நூலகத்தில் வளராத ஒருவர் நூலகமின்றி இப்படி எழுதியிருக்க முடியாது.

அமெரிக்கா

யுத்தம் முடிந்தபின் அவர்பாக் ஜேர்மனியில் நிரந்தரமாகக் குடியேறவில்லை. 1947 இல், உறுதியான பதவி எதுவும் கையில் இல்லாமலே, ஐம்பத்தைந்து வயதை நெருங்கும் நிலையில் அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியாவில் ஒரு கல்லூரியில் கற்பித்தார். உடல்நிலை காரணமாக அங்கே நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. பிறின்ஸ்ரன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு கழித்து, 1950 இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மூன்றாவது நாட்டில், மூன்றாவது முறையாக வாழ்வைத் தொடங்கினார். 1953 இல் 'மிமேசிஸ்' ஆங்கிலத்தில் வெளியாகி, உலகெங்கும் இலக்கிய மாணவர்களின் பாடநூலாயிற்று. 1957 ஒக்டோபர் 13 ஆம் திகதி, 64 ஆவது வயதில், கனெற்றிகட் மாநிலத்தில் காலமானார்.

தாழ்ந்த மொழியின் பெருமை

அவர் இறந்த மறு ஆண்டு, 1958 இல், கடைசி நூல் வெளிவந்தது. பிற்கால ரோம உலகிலும் மத்திய காலத்திலும் இலத்தீன் இலக்கிய மொழியும் அதன் வாசகரும் எப்படி மாறினார்கள் என்பது அதன் பொருள். 'மிமேசிஸ்' நூலில் விடுபட்ட இலத்தீன் நூற்றாண்டுகளை நிரப்பும் முயற்சி இது.

அதன் முதன்மைக் கட்டுரை தாழ்ந்த நடை பற்றியது. இலத்தீனில் தாழ்ந்தது என்பதற்கான சொல் மண் என்ற சொல்லோடு உறவுடையது. மண்ணோடு கிடப்பது, எளியது, இழிந்தது, பணிவானது என்ற எல்லாப் பொருளும் அதில் உண்டு. அகுஸ்தீன் பழைய மூன்று நடைகளை ஏற்றுக்கொண்டார். ஆனால் எது பெரிய விடயம், எது சிறிய விடயம் என்ற பிரிப்பை ஏற்கவில்லை. தாகித்தவருக்குக் கொடுக்கும் ஒரு குவளை தண்ணீரும் அவருக்குப் பெரிய விடயமே.

அந்தக் கட்டுரையில் அவர்பாக் கார்த்தேஜ் நகரச் சிறையில் எழுதப்பட்ட ஒரு குறிப்பையும் எடுத்துக்கொள்கிறார். 203 இல் மரண தண்டனைக்குக் காத்திருந்த பெர்ப்பெத்துவா என்ற இளம் தாயின் சாட்சியம் அது. சிறையின் இருட்டு, நெரிசலின் வெக்கை, படைவீரரின் முரட்டுத்தனம், பாலுக்கு வாடும் குழந்தை, மனம் மாறும்படி கெஞ்சும் வயதான தந்தை. அணி அலங்காரம் இல்லை. வாக்கியங்கள் குறுகியவை. ஒரு பெண் தனக்கு நடந்ததைத் தன் வாயால் சொல்கிறாள். பண்டைய இலத்தீன் இலக்கியத்தில் இப்படியொரு குரல் மிக அரிது என்பதையும், அந்தக் குரலின் வலிமை அதன் எளிமையிலேயே இருக்கிறது என்பதையும் அவர்பாக் காட்டுகிறார்.

விமர்சனங்களும் வாரிசுகளும்

அவரது நூல்களுக்கு மறுப்புகளும் உண்டு. இன்னொரு பெரும் மத்திய கால இலத்தீன் அறிஞரான ஏர்ன்ஸ்ட் ரொபேர்ட் கூர்ட்டியஸ், மூன்று நடைகள் பற்றிய விளக்கத்தைக் கடுமையாக விமர்சித்தார். அவர்பாக் அதற்கு விரிவான பதில் எழுதினார். அவரது உலகம் ஐரோப்பாவோடு நின்றுவிடுகிறது என்ற குறையும் உண்மையானது. பதினொரு ஆண்டுகள் துருக்கியில் வாழ்ந்தவரின் பெருநூலில் துருக்கிய இலக்கியத்துக்கு ஓர் அத்தியாயமும் இல்லை.

ஆனால் அவரை மிக ஆழமாக வாசித்தவர்களில் ஒருவர் ஐரோப்பியர் அல்ல. ஜெரூசலேமில் பிறந்து, தன் மண்ணை இழந்த பலஸ்தீனரான எட்வேர்ட் சயீத், அவர்பாக் 1952 இல் உலக இலக்கியம் பற்றி எழுதிய கட்டுரையைத் தன் மனைவியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 'மிமேசிஸ்' ஆங்கிலப் பதிப்பின் ஐம்பதாவது ஆண்டுக்கு முன்னுரையும் எழுதினார். யூத அகதியின் நூலைப் பலஸ்தீன அகதி காத்து வந்தார் என்பது இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் நினைவில் நிறுத்த வேண்டிய ஒன்று.

அந்த 1952 கட்டுரையின் முடிவில் அவர்பாக் பன்னிரண்டாம் நூற்றாண்டு இலத்தீன் துறவியான சென் விக்தோர் ஹியூவை நினைவுகூர்கிறார். பிறந்த மண்ணை மட்டும் நேசிப்பது முதல் படி, எல்லா மண்ணையும் தன் மண்ணாகக் கொள்வது அடுத்தது, உலகம் முழுவதையும் அந்நிய நாடாகக் காண்பது கடைசிப் படி என்பது அத்துறவியின் எண்ணம். துறவி அதைத் தானாகத் தெரிந்துகொண்டார். அகதிக்கு அந்தத் தெரிவு இருப்பதில்லை. அவர்பாக் அதை உலகத் துறவுக்காக எடுத்துக்காட்டவில்லை. உலகைச் சரியாக நேசிக்க விரும்புகிறவருக்கும் இந்தப் பயிற்சி உதவும் என்றே சொன்னார்.

'மிமேசிஸ்' ஒரு வேண்டுதலோடு முடிகிறது. இந்த நூல் தன் வாசகரைச் சென்றடைய வேண்டும். பழைய நண்பர்களில் யாராவது இன்னும் உயிரோடு இருந்தால், அவர்களையும் சென்றடைய வேண்டும். 1945 ஏப்ரலில் அதை எழுதியபோது, அவர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்ற முழு விபரம் அவரிடம் இருக்கவில்லை. தாந்தேயின் கவல்கன்தேயைப் போல, பதில் தெரியாத ஒரு கேள்வியோடுதான் அவரும் தன் நூலை உலகுக்கு அனுப்பினார்.